ஒப்பிடறதுக்கு ஒரு ஊர்

இல்ல சார், நீங்க சொன்னது புரியாம இல்ல. ரொம்ப அழகாச் சொன்னீங்க. முடியாதுங்கற வார்த்தை வரல, மாட்டேங்கற வார்த்தை வரல, ஆனா மொத்தத்துல இல்ல. அந்த வித்தைய நைரோபில உங்ககிட்ட தானே படிச்சேன். கை கழுவிட்டு வந்தாச்சுல்ல? உக்காருங்க. அங்க வேணாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க, ஜன்னலுக்கு முதுகக் காட்டிட்டு. அந்தப் பக்கம் பாத்தா கண்ணு கூசும்.

நான் கேட்டது ரெண்டே விஷயம். என் பைக் ஆம்புலன்ஸ் பாலத்தத் தாண்டாம நீங்க போட்ட பூட்டத் தெறந்து விடுங்க, ஆத்தத் தாண்டி கொமெங்காவுக்குப் போய் ஒரு பிரசவத்துக்காரிய ஏத்திட்டு வரணும். அது ஆகாதுன்னா உங்க வண்டியக் குடுங்க. பூட்டத் தெறக்க நைரோபில குழு கூடணும்னீங்க. கம்பெனி வண்டில நோயாளிய ஏத்தினா இன்ஷூரன்ஸ் போயிடும்னீங்க. சரி. செய்தி அனுப்பியாச்சு, பதில் வர்ற வரைக்கும் காத்திருப்போம்னு சொல்றீங்க. நம்ம ரெண்டு பேரும் எங்க சார் காத்திருக்கோம், நம்ம முன்னாடி டீ இருக்கு, பொரிச்ச மண்டாசி இருக்கு. காத்திருக்கறவ பெரெஸ்.

என்கிட்ட ஏழாம் வகுப்புல பூகோளம் படிச்சவ. ஆப்பிரிக்காவ வரையச் சொன்னா எப்பவும் மடகாஸ்கர விட்டுடுவா. ஏண்டி, அந்தத் தீவு உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சுன்னு கேட்டா, அது தள்ளி இருக்கு டீச்சர், மறந்துடுதும்பா. விடியக்காலைல வலி எடுத்திருக்கு. மருத்துவச்சி பாத்துட்டு, கொழந்த குறுக்க கெடக்கு, ஒரு கை மட்டும் தான் வெளிய வந்திருக்கு, இது என் வேலை இல்ல, மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னுட்டா. வாசல்ல இடுப்பு வரைக்கும் ஈரமா நிக்கிறானே, அவன் தான் புருஷன், ஔமா. பாலம் சுத்துவழின்னு ஆத்துல எறங்கியே வந்திருக்கான். கீசி மலையில மழை, ஆறு கரை தொட்டு ஓடுது. இங்க ஒரு சொட்டு கெடையாது பாருங்க, புழுதி பறக்குது. அவன நான் உள்ள கூப்பிடல. கூப்பிட்டா உங்க கால்ல விழுவான். உங்களுக்குச் சங்கடமா இருக்கும்.

கட்டில்ல தூக்கிட்டு வரலாமேன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. மாற்று வழி எல்லாத்தையும் விசாரிச்சீங்களான்னு கேக்கணும், அது மூணாவது பாடம். சொல்றேன். பெப்ரவரி மாசம் ஒருத்திய அப்படித் தான் தூக்கிட்டு வந்தாங்க. நாலு பேர் கட்டிலத் தூக்கிட்டு ஓடினாங்க. பாலத்து மேல வரும்போது அந்தப் பொண்ணு ரொம்ப அமைதியாயிட்டா, அதுக்கப்புறம் அவங்க ஓடல. பாலத்துக்கு இந்தப் பக்கம் என் பைக் நின்னுட்டிருந்துச்சு சார். எஞ்சின் ஓடிட்டு. நோயாளியப் படுக்க வெக்கற தொட்டில்ல மெத்தை போட்டு.

அந்த மாசக் கடைசில நீங்க எனக்குப் போன் பண்ணிப் பாராட்டுனீங்க. ஞாபகம் இருக்கா? ரெண்டு ஊருக்கும் நடுவுல வித்தியாசம் தெளிவாத் தெரிய ஆரம்பிச்சிடுச்சு டீச்சர்னீங்க. சந்தோஷமாச் சொன்னீங்க. நானும் நன்றின்னு சொன்னேன்.

டீய குடிங்க. ஆறிப்போனா ஆடை கட்டிடும்.

நைரோபில, வெஸ்ட்லாண்ட்ஸ்ல நீங்க நடத்தின அந்த மாடி வகுப்ப நான் அடிக்கடி நெனைச்சுப்பேன். லாபமும் வரணும், புண்ணியமும் வரணும், ரெண்டையும் அளந்தும் காட்டணும், அந்த மாதிரிப் பணத்த எப்படிப் போடறதுன்னு படிக்க வந்த கூட்டம். பேங்க்காரர் பையன் ஒருத்தன், காப்பித் தோட்டத்துக்காரி ஒருத்தி, மடத்த விட்டு வந்த கன்னியாஸ்திரி அம்மா ஒருத்தங்க. நான் மட்டும் பணம் வாங்கப் போறவ. வாங்கறவளுக்கும் குடுக்கறவங்க மூளை எப்படி ஓடுதுன்னு தெரியணும்னு உங்க கம்பெனியே என்னச் சேத்து விட்டுச்சு. முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னாடி நின்னவ, கடைசி பெஞ்சுல போய் உக்காந்தேன். வாத்தியார் என் கடைசிப் பையன் வயசு. தம்பின்னு வாயில வந்துடும், கடிச்சுக்கிட்டு சார்னு கூப்பிடுவேன். குரு குரு தானே.

நாடகம் ஒண்ணு போட வெச்சீங்களே. நான் முதலீட்டுக்காரி, மத்தவங்க வந்து கேக்கணும். கன்னியாஸ்திரி அம்மா பொகையில்லாத அடுப்புக்குக் கேட்டாங்க. அடுப்பக் குடுத்தா மட்டும் போதுமா, அதுல சமைக்கறாங்களா, கோழி அடைகாக்க வெச்சிருக்காங்களான்னு யார் பாத்தீங்கன்னு கேட்டேன். பாவம், நோட்டப் பொரட்டிப் பாத்தாங்க. உங்க நோக்கம் உயர்ந்தது, இன்னும் கொஞ்சம் ஆதாரத்தோட வாங்கன்னு அனுப்பிட்டேன். வந்தவங்க எல்லாரையும் அப்படியே அனுப்பினேன். நீங்க கைதட்டுனீங்க. இல்லன்னு சொல்றது தான் இந்தத் தொழிலோட முதல் திறமை, டீச்சருக்கு அது கூடவே பொறந்திருக்குன்னீங்க. வீட்டுப்பாடம் ஏன் செய்யலன்னு முப்பது வருஷம் கத கேட்டவ சார் நான். வராம எங்க போகும்?

என்ன, போன் மினுக்குதா? பாருங்க, பாருங்க. என்ன சொல்றாங்க? சாப்பாட்டுக்கு அப்புறம் பேசறாங்களாமா. ம். சாப்பிடட்டும். பசி வந்தா பத்தும் பறக்கும்.

உங்க மேல கோவம் இல்ல சார். அந்த முக்கியமான கேள்விய நீங்க பலகையில எழுதினப்போ எனக்குச் சிலுத்துச்சு. நாம இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்? நல்லது செஞ்சேன் செஞ்சேன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நீங்க இல்லாமலே அது நடந்திருக்குமான்னு கேட்டா வாய் அடைச்சுப் போகும்னீங்க. இத்தன வருஷம் நான் பாடம் நடத்தாம இருந்திருந்தா என் புள்ளைங்க என்ன ஆகியிருக்கும்னு அன்னிக்கு யோசிச்சேன். ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு தான் தோணுச்சு. மடகாஸ்கர் இல்லாமலே எல்லாரும் பொழைச்சுக்கிட்டாங்க. அதனால தான் இந்த ஆம்புலன்ஸாவது உருப்படியா அளந்து பாத்துடணும்னு எனக்கு ஒரு வெறி.

அளக்கறதுக்கு நாம இல்லாத ஊர் ஒண்ணு வேணும். ஒரே மாதிரி ரெண்டு ஊர், ஒண்ணுக்குக் குடு, ஒண்ணுக்குக் குடுக்காத, வருஷம் முடிஞ்சு பக்கத்துல வெச்சுப் பாரு. அப்புறம் தான் ரெண்டாவது பணம், இன்னும் பத்து ஊருக்கு பைக். எந்த ஊருக்குக் குடுக்கறதுன்னு ஆள் முடிவு பண்ணா பாரபட்சம் வந்துடும், காசு சுண்டிப் போடுங்கன்னீங்க. சீஃப் கூட்டம் போட்டாரு, ரெண்டு ஊரும் வந்து மரத்தடில உக்காந்துச்சு. இருபது ஷில்லிங் காசு, யானை விழுந்தா ரபாலா, மறுபக்கம் விழுந்தா கொமெங்கா. யானை விழுந்துச்சு. நம்ம ரபாலாவுக்கு ஆம்புலன்ஸ்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லவே இல்ல நான். அன்னிக்குக் கூட்டம் கலைஞ்சதும் கொமெங்காக்காரங்க எங்கிட்ட வந்து நன்றி சொன்னாங்க. நெசமா. கொமெங்கா தான் ரொம்ப முக்கியம், நீங்க இல்லேன்னா எதையும் நிரூபிக்க முடியாதுன்னு நீங்க பேசினீங்களே, அத அப்படியே மனசுல வாங்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம பாஸ்டர் பிரசங்கத்துலயே சொன்னாராம், ஆண்டவர் காசு ரூபத்துல பேசினாரு, நம்ம ஊரை உலகத்துக்கே பாடமா வெச்சிருக்காருன்னு. ஔமா அன்னிக்கு முன்வரிசையில உக்காந்து கைதட்டினவன். இப்ப வாசல்ல நிக்கறான்.

நிக்கலயா? போயிட்டானா? போயிருப்பான் சார். இங்க நின்னு என்ன பண்ணப் போறான். பொண்டாட்டிகிட்ட போயிருப்பான். நீங்க தலைய ஆட்டினத வெளிய இருந்து பாத்தானே.

டாக்சி சொல்றேங்கறீங்க. உங்க சொந்தக் காசுல. உங்களுக்கு நல்ல மனசுன்னு எனக்குத் தெரியும், வேணாம், பர்ச உள்ள வைங்க. மிகோரி டவுன்ல இருந்து டாக்சி கெளம்பி, டிரைவர் பெட்ரோல் போட்டு, வழியில மச்சினனப் பாத்து ரெண்டு வார்த்தை பேசி, இங்க வந்து சேர்றதுக்குள்ள அந்தக் கைக்கு நெறம் மாறிடும். வாடகை பைக்காரங்களக் கேட்டேன். குறுக்க கொழந்தைய வெச்சுட்டு அவ எப்படி சார் பின்சீட்டுல கால ரெண்டு பக்கமும் போட்டு உக்காருவா? படுக்க வெக்கணும். படுக்க வெக்கற மாதிரி இந்த வட்டாரத்துல இருக்கறது ரெண்டு வண்டி. ஒண்ணு என்னோடது, பாலத்துல முன்சக்கரம் பட்டா எஞ்சின் தானா அணைஞ்சுடும். இன்னொண்ணு உங்களது.

பைக்குல எஞ்சின அணைக்கற அந்தக் கறுப்புப் பெட்டிய நீங்க எதுக்கு மாட்டுனீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க அறிக்கையில என்ன எழுதியிருக்கீங்கன்னும் படிச்சேன். அபாயங்கள்னு ஒரு தலைப்பு. அதுல வெள்ளம், பெட்ரோல் வெலை, சீஃப் மாறிடலாம், அதுக்குக் கீழ, நிறுவனர் எளகின மனசுக்காரர். வெள்ளத்துக்குப் பக்கத்துல என்னப் போட்டிருந்தீங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு, உண்மையா. எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா படிச்சுக் காட்டியிருப்பேன். கல்லு மனசுன்னு தான் அவர் கடைசி வரைக்கும் நெனைச்சுட்டு இருந்தாரு.

ஒரு வார்த்தை மட்டும் எனக்கு இன்னும் செரிக்கல. ஒப்பிடற ஊருக்கு எப்படியாவது உதவி போய்ச் சேந்துட்டா, அந்த ஊர் மாசுபட்டுடுச்சும்பீங்க. மாசு. ஆலைக்கழிவு ஏரியில கலந்தா மாசு, நைரோபி ஆத்துல மெதக்கறது மாசு, இதத் தான் நான் பாடம் நடத்தியிருக்கேன். பிரசவத்துக்காரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலும் அதே வார்த்தையான்னு அன்னிக்கே கை தூக்கிக் கேக்கலாம்னு இருந்தேன். கெழவி இலக்கணம் பேசறான்னு சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்.

அளக்கறதுக்கு நானும் ஒரு வழி சொன்னேன், நீங்க எடுத்துக்கல. நீங்க மத்திய மாகாணத்துக்காரர், வேற பாஷை, எங்க பேர் எல்லாம் உங்களுக்கு ஒரே ஓசையாத் தான் கேக்கும். எங்கள்ல பொறந்த நேரத்த வெச்சு, எடத்த வெச்சுப் பேர் வைப்போம். வழியில பொறந்தா ஆம்பளப் புள்ளைக்கு ஓயோ, பொம்பளப் புள்ளைக்கு ஆயோ. நான் ஸ்கூல்ல வருகை எடுக்கும்போது ரபாலாப் புள்ளைங்கள்ல ஒண்ணு ரெண்டு ஓயோ இருக்கும். கொமெங்காப் புள்ளைங்கன்னா, ஓயோன்னு கூப்பிட்டா அரை பெஞ்சு எந்திரிச்சு நிக்கும். ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம்னு வரைபடம் பாக்கவே வேணாம் சார், பேரக் கூப்பிட்டா போதும். இத வகுப்புல சொன்னப்போ எல்லாரும் ரசிச்சாங்க. சுவையான தகவல், ஆனா தகவல் தான் டீச்சர், ஆதாரம் இல்லன்னீங்க. நானும் யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னது சரி. உயிரோட பொழைச்சதுக்குத் தானே பேர் வைக்கறாங்க. பொழைக்காதது எதுலயும் வராதே.

இப்பக் கூட நீங்க மனசுக்குள்ள ஒரு கணக்குப் போடறீங்க, எனக்குத் தெரியுது. ஒருத்திக்காக விதிமொறைய ஒடைச்சா சோதனை கெட்டுடும். சோதனை கெட்டா நிரூபணம் இல்ல. நிரூபணம் இல்லேன்னா பத்து ஊருக்கு பைக் இல்ல. பத்து ஊர்ல எத்தன பெரெஸ் இருக்கா? அந்தக் கணக்கு சரி. நான் மறுக்கல. சரியா இருக்கறது தான் சார் வயித்தெரிச்சலா இருக்கு. தப்பா இருந்தா உங்கள நாலு வார்த்தை திட்டிட்டு நிம்மதியா உக்காந்திருப்பேன். பாலத்துல எஞ்சின் அணையற சத்தத்த ஒரு தடவ கேட்டுட்டு வந்து அந்தக் கணக்கப் போட்டுப் பாருங்க. அப்பவும் விடை அதே தான் வரும். ஆனா போட முடியாது.

கெஞ்சறேன்னு வெச்சுக்கங்க. எனக்குக் கெஞ்சிப் பழக்கம் இல்ல, சரியா வருதான்னு தெரியல. உங்க போன்ல நாலு எண்ணு தட்டுனா பூட்டு தெறக்கும். உங்களுக்கு அந்த எண்ணு தெரியும். நைரோபிக்கு அப்புறம் சொல்லிக்கலாம். தப்பு டீச்சரோடதுன்னு சொல்லுங்க, அழுதா, கால்ல விழுந்தா, கத்தியக் காட்டினான்னு சொல்லுங்க, என்ன வேணா சொல்லுங்க. வெள்ளத்துக்குப் பக்கத்துல இருக்கறவ தானே நான்.

யோசிக்கறீங்க. யோசிங்க.

நஷோனா? உங்க டிரைவர் எங்க போவான், மீன் கடைக்குப் போயிருப்பான். இங்க வந்தவன் ஏரி மீன் சாப்பிடாமப் போவானா. வண்டி நெழல்ல நிக்கும், இல்லேன்னா சீட்டு கொதிக்கும். நீங்க உக்காருங்க, எந்திரிக்காதீங்க. இன்னொரு கப் ஊத்தறேன்.

இன்னும் ஒரே ஒரு தடவ கேக்கறேன். அந்த நாலு எண்ணு.

சரி. பரவால்ல சார். நெசமாத் தான் சொல்றேன், பரவால்ல. உங்க எடத்துல நான் இருந்தாலும் மாட்டேன்னு தான் சொல்லியிருப்பேன், என் திறமைய நீங்களே பாத்திருக்கீங்க. நீங்க சரின்னு சொல்லிட்டா நல்லா இருக்குமேன்னு கேட்டேன். உங்களுக்கு நல்லா இருக்கும். பின்னாடி ஒரு நாள் நெனைச்சுப் பாக்க. அவளுக்காகக் கேக்கல. அவளுக்கு உங்க வண்டி எப்பவோ போயாச்சு.

ஆமா. டீக்கு முன்னாடி நீங்க கை கழுவப் போனீங்களே, அப்ப. நஷோன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு மனசுல பெரிய பிரசங்கம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். ஆரம்பிக்கவே விடல அவன். எந்த வழின்னு மட்டும் கேட்டான். வாசல்ல நின்ன ஔமாவும் அப்பவே வழி காட்ட ஏறிக்கிட்டான், நிக்கறான்னு நான் சொன்னது சும்மா. கூப்பிடாதீங்க, நஷோன் போன் இந்த டிராயர்ல சார்ஜ் ஏறிட்டிருக்கு. அவனே குடுத்துட்டுப் போனான். நீங்க கூப்பிட்டா எடுக்காம இருக்க முடியாதாம், பழக்க தோஷமாம். அவன் வேலைய மட்டும் எடுத்துடாதீங்க. சாவிய நான் திருடிக் குடுத்ததா எழுதிக்கங்க, கையெழுத்துப் போடறேன். ரெண்டாவது பணம் வேணாம். அந்த பைக்கையும் எடுத்துட்டுப் போங்க. கொமெங்கா மாசுபட்டுடுச்சு.

உங்க முதுகுப் பக்கம் ஜன்னல் இருக்கு பாருங்க, பாலத்துல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போற ரோடு அதுல நல்லாத் தெரியும். அதனால தான் உங்கள அப்படி உக்கார வெச்சேன். இவ்ளோ நேரமா உங்க தோளுக்கு மேல நான் அதத் தான் பாத்துட்டு இருக்கேன். இப்ப வெள்ளையா ஏதோ அசையுது. உங்க வண்டியாத் தான் இருக்கணும், வேற யாருக்கு இங்க வெள்ளை வண்டி. எனக்குத் தூரத்துப் பார்வை போயிடுச்சு சார், சரியாத் தெரியல. பாலத்த இந்தப் பக்கம் தாண்டிட்டா நஷோன் மிதிச்சுட்டு தான் வருவேன்னான், மேடு பள்ளம் பாக்க மாட்டேன்னான். மெதுவா வந்தா அவசரம் இல்லன்னு அர்த்தம்.

திரும்பிப் பாருங்க. வேகமா வருதா, மெதுவா வருதா? அத மட்டும் சொல்லுங்க.